5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர், 14 மாச ரிவ்யூ: ஞாயித்துக்கிழமை மட்டும் கத்துற பெட்டி

முதல்லயே சொல்லிடுறேன், கம்பெனி பேரு போடல. திட்டணும்னு ஆரம்பிச்சா நெறைய இருக்கு, ஆனா கடைசில வந்து சரி பண்ணிக் குடுத்ததும் அதே கம்பெனி ஆளுதான், அதனால பேரப் போட்டு நாறடிக்க மனசு வரல. அதுவுமில்லாம இந்தப் பிரச்சினை எந்தக் கம்பெனி பெட்டிலயும் வரலாம். சோலார் போடப்போறவங்க அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிச்சா போதும், எனக்கு இது புரியறதுக்கு பத்து மாசம் ஆச்சு.

நாங்க இருக்கிறது பெங்களூர்ல, பேகூர் தாண்டி ஒரு லேஅவுட், அதுல கடைசி தெரு, கடைசிக்கு முந்தின வீடு. இந்த "கடைசி"ங்கிற வார்த்தைய ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி அதுக்கு வேல இருக்கு. போன வருஷம் ஜனவரில மொட்டை மாடில 5 கிலோவாட் சோலார் போட்டோம், பேனல் கரெண்ட வீட்டுக் கரெண்ட்டா மாத்துற பெட்டிதான் இன்வெர்ட்டர், சிங்கிள் ஃபேஸ், பேட்டரி கிடையாது, கரெண்ட்டு மிச்சமானா லைனுக்குப் போகும், நெட் மீட்டர் கணக்கு வெச்சுக்கும். மொத்தம் 2 லட்சத்து 90 ஆயிரம் ஆச்சு, அதுல பிரதமர் சூர்யா கர் திட்டத்துல 78,000 மானியம் திரும்ப வந்துச்சு. 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் எவ்வளவு போட்டாலும் மானியம் அவ்வளவுதான், 5 போட்டா ஜாஸ்தி வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

நல்லத மொதல்ல சொல்லிடலாம். நல்ல வெயில் நாள்ல 20 யூனிட் ஓடுது, சொன்ன கணக்கு கரெக்டா இருக்கு. ஆப் சுமார், லாகின் அடிக்கடி வெளிய தள்ளும், அதப் பத்தி எழுதவே வேணாம். பெட்டிக்கு ஃபேன் கிடையாது, பின்னாடி அலுமினிய வரிவரியா இருக்கும், மே மாசத்துல தொட்டா சுடும் ஆனா அது சகஜம்தான்.

இப்ப கதைக்கு வர்றேன். மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மா மாடில வடாம் காயப்போட்டுட்டு எறங்கி வந்து, "டேய், மாடிப்படி செவத்துல மாட்டி வெச்சிருக்கியே அந்தப் பெட்டி, அது கத்துதுடா, காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்கு"ன்னாங்க. நான் போய்ப் பாத்தேன், ஆமா, கீஈஈன்னு மெல்லிசா ஒரு சத்தம். அப்பாவுக்குக் காதே கொஞ்சம் மந்தம், "எனக்கு ஒண்ணும் கேக்கல, நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க"ன்னுட்டாரு. காயில் சத்தமா இருக்கும்னு நானும் விட்டுட்டேன். நான் ட்ரிபிள் ஈ முடிச்சுட்டு ஐடிக்கு ஓடிவந்த கூட்டத்துல ஒருத்தன், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல ஒரு அரியர் வேற வெச்சிருந்தேன், ஆனாலும் வீட்ல நான்தான் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், என் வார்த்தைதான் ஃபைனல்.

ஒரு மணி நேரம் கழிச்சு பூஜ ரூம் எல்இடி பல்பு மூச்சு விடுற மாதிரி ஏறி எறங்க ஆரம்பிச்சுச்சு. நாலஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ மங்கி, திரும்ப பிரகாசமாகி, திரும்ப மங்கி. அப்புறம் டக்குன்னு இன்வெர்ட்டர் செவப்பு லைட் போட்டு நின்னுடுச்சு. ஆப்ல பாத்தா "கிரிட் ஓவர் வோல்டேஜ்", அதாவது தெரு லைன்ல வோல்டேஜ் லிமிட்டத் தாண்டிடுச்சாம். கொஞ்ச நேரத்துல தானா ஆன் ஆச்சு. திரும்ப கொசு, திரும்ப பல்பு, திரும்ப செவப்பு. அன்னிக்கு மட்டும் 9 தடவ. வெயில் கொளுத்துற நாள்ல 11 யூனிட்தான் ஓடிருந்துச்சு.

கம்ப்ளெயின்ட் போட்டேன். ஏப்ரல்ல ஒரு டெக்னீஷியன் வந்தான், செவ்வாக்கெழம. வந்தவன் பெட்டிய பாத்தான், பெட்டி சமத்தா ஓடுது. எர்த் பிட்ல ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். மே மாசம் வேற ஒருத்தன், வியாழக்கெழம, அப்பவும் பெட்டி சமத்து. இவன் கொஞ்சம் வெவரமானவன், பெட்டி பதிவு பண்ணி வெச்ச லாக் எல்லாம் பாத்துட்டு மெதுவா, "சார், செட்டிங்ல நாட்ட மாத்திட்டா வோல்டேஜ் லிமிட் ஜாஸ்தியாயிடும், 265 வோல்ட் வரைக்கும் ட்ரிப்பே ஆகாது, தானா நிக்காது, யாருகிட்டயும் சொல்லாதீங்க"ன்னான். நான் கிட்டத்தட்ட சரின்னு சொல்லியிருப்பேன். அப்பாதான், "என்னடா இது, காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டர மாத்துற கதையா இருக்கு"ன்னு தடுத்துட்டாரு. காது மந்தமா இருந்தாலும் தேவையானது மட்டும் எப்படியோ அவருக்குக் கேட்டுடும்.

அவரு தடுத்தது எவ்வளவு நல்லதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. மத்திய மின்சார ஆணையத்தோட 2013 விதிப்படி இந்த மாதிரி லைன்ல கோக்குற சிஸ்டம் எல்லாம் வோல்டேஜ் 110 சதவீதத்துக்கு மேல போனாலோ 80 சதவீதத்துக்குக் கீழ வந்தாலோ 2 செகண்டுக்குள்ள கழட்டிக்கணும். நம்ம 230க்கு மேல் பக்கம் 253, கீழ் பக்கம் 184. அது நம்ம பெட்டிய மட்டும் காப்பாத்துற விஷயம் இல்ல, தெருவுல இருக்கிற அத்தன ஃப்ரிட்ஜும் டிவியும் அதுல அடக்கம். 265க்கு ஏத்தி விட்டிருந்தா என் யூனிட் கணக்கு நல்லா இருந்திருக்கும், பக்கத்து வீட்டு சாமானுக்கு யாரு பதில் சொல்றது.

ஜூன்ல பெட்டிக்குள்ள இருக்கிற சர்க்யூட் போர்ட மாத்துனாங்க. வாரண்டி, காசு வாங்கல. அப்புறம் மழ ஆரம்பிச்சுச்சு, பெங்களூர் மேகம் தெரியும்ல, ஜூலை ஆகஸ்ட் எல்லாம் சத்தமே இல்ல. நானும் போர்டுதான் காரணம்னு நெனச்சு அஞ்சு ஸ்டார் போட்டு ரிவ்யூ எழுதினேன், அத இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். அக்டோபர்ல வானம் தெளிஞ்சுது, கொசு திரும்பி வந்துடுச்சு.

கஸ்டமர் கேர்ல "இது கிரிட் இஷ்யூ சார், எங்க பொருள்ல தப்பு இல்ல"ன்னு ஒரே பாட்டு. லைன்மேன் அண்ணா ஒருத்தரு வந்து மீட்டர்கிட்ட அளந்து பாத்தாரு, 247, 248, "லிமிட்டுக்குள்ளதான் இருக்கு சார்"னாரு. அவரு சொன்னதும் நிஜம். பெட்டி 253ன்னு சொல்லுது, மீட்டர் 248ன்னு சொல்லுது, ரெண்டும் ஒரே வயருதான, நடுவுல 5 வோல்ட் எங்க போச்சுன்னு எனக்கு அப்ப தோணவே இல்ல பாருங்க. அரியர் வெச்சவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

துப்பு குடுத்தது அம்மா. ஒரு நாள் காபி ஆத்திக்கிட்டே, "ஏன்டா, இது ஞாயித்துக்கெழமதான கத்துது, மத்த நாள்ல சும்மாதான இருக்கு, வர்றவங்கள ஞாயித்துக்கெழம வரச் சொல்லு"ன்னாங்க. லாக எறக்கிப் பாத்தேன். அப்படியே இருக்கு! ஞாயிறு, தீபாவளி, கர்நாடகா உருவான நாளான ராஜ்யோத்சவா, இந்த நாள்கள்லதான் ட்ரிப்பு, வேல நாள்ல ஒண்ணு ரெண்டு தேறினா ஜாஸ்தி. சர்வீஸ் சென்டர்ல ஞாயித்துக்கிழமை விசிட் கெடையாதாம். பதினஞ்சு நாள் சண்ட போட்டு, மேல இருக்கிறவங்களுக்கு மெயில் மேல மெயில் போட்டு, நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஒருத்தர அனுப்புனாங்க.

வந்தவரு கிருஷ்ணகிரிக்காரரு, முப்பது வயசு இருக்கும், கையில ஒரு லேப்டாப், கரெண்ட்டோட அலைய அளந்து காட்டுற ஒரு பவர் அனலைசர், வயரக் கவ்வுற கிளாம்ப் எல்லாம். அம்மா கதவத் தொறந்ததும் "எந்த ஊரு தம்பி, சாப்ட்டீங்களா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க, அவரும் "ஆச்சுங்கம்மா, காபி மட்டும் குடுங்க"ன்னு சொல்லிட்டு நேரா மாடிப்படிக்குப் போயிட்டாரு. பெட்டியத் தொறக்கல, கைய வெக்கல, பத்து நிமிஷம் நின்னு சத்தத்த மட்டும் கேட்டாரு. அப்புறம் கிளாம்ப மாட்டி ஸ்க்ரீன்ல காட்டுனாரு. 50 ஹெர்ட்ஸ் அலை வழவழன்னு இருக்கணும், இங்க கம்பளிப்பூச்சி மாதிரி முழுக்க முள்ளு முள்ளா இருந்துச்சு. அந்த முள்ளுதான் அம்மா காதுல விழுற கொசு. இன்வெர்ட்டர் உள்ள சுவிட்ச் பண்றது 16, 20 கிலோஹெர்ட்ஸ்ல, அது மனுஷன் காதுக்கு அநேகமா எட்டாது, ஆனா இந்த முள்ளு 2,600 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்துச்சு, அது நல்லாவே கேக்கும்.

அடுத்து அவரு செஞ்சத நான் மறக்கவே மாட்டேன். பக்கத்து வீட்டு கன்னட அங்கிளும் ஆகஸ்ட் மாசம்... இல்ல இல்ல, எங்களுக்கு ஒரு மாசம் கழிச்சு பிப்ரவரில சோலார் போட்டாரு, வேற கம்பெனி. அவர போன்ல கூப்ட்டு அவரு இன்வெர்ட்டர கொஞ்சம் ஆஃப் பண்ணச் சொன்னோம். கொசு நின்னுடுச்சு! அங்கிள் பாவம் காம்பவுண்டு செவரு மேல எட்டிப் பாத்து "நம்தேன் தப்பு?"ன்னு, நம்ம தப்பு என்னன்னு கேக்குறாரு. உடனே இவரு எங்களத ஆஃப் பண்ணிட்டு அங்கிளத ஆன் பண்ணச் சொன்னாரு. அப்பவும் சத்தம் இல்ல. ரெண்டும் சேந்து ஓடுனா மட்டும் கத்துது. தனித்தனியா ரெண்டும் தங்கக் கட்டி.

அப்புறம் ரெண்டையும் ஓட விட்டு, "அம்மா, கீசரப் போடுங்க"ன்னாரு. அம்மா கீசரப் போட்டதும் கத்துனது அப்படியே அடங்கிடுச்சு. ஆஃப் பண்ணா திரும்ப வருது. அயர்ன் பாக்ஸ் போட்டுப் பாத்தோம், பாதி அடங்குச்சு. நான் வாயப் பொளந்துட்டு நிக்கிறேன், அவரு சாவகாசமா, "தெருவுல ஏதாவது பட்டறை இருக்கா சார், ஞாயித்துக்கிழமை லீவு விடுற மாதிரி?" இருக்கு. தெரு மொனையில பவுடர் கோட்டிங் யூனிட், அதுல பீரோ சைஸுக்கு எலக்ட்ரிக் ஓவன். வேல நாள் பூரா அந்த ஓவன்தான் எங்க தெருவோட கொசுவர்த்தி.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், பயப்படாதீங்க. இன்வெர்ட்டர் உள்ள இருந்து வர்றது சதுரம் சதுரமா வெட்டுன வோல்டேஜ். அத வழவழப்பாக்க வெளிய வர்ற எடத்துல ஒரு ஃபில்டர் வெச்சிருப்பாங்க, காயில் – கெப்பாசிட்டர் – காயில், எல்சிஎல் ஃபில்டர்னு பேரு. சின்னதா, மலிவா, நல்லா வடிகட்டும். ஆனா அதுக்கு ஒரு கெட்ட கொணம், குறிப்பிட்ட ஒரு ஃப்ரீக்வென்சில தட்டி விட்டா மணி மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும். அதுதான் ரெசனன்ஸ்.

அந்தத் தம்பி இத விளக்க ஆரம்பிச்சப்ப அம்மாதான் குறுக்க பூந்தாங்க. "கொடத்துல விளிம்பு வரைக்கும் தண்ணி கொண்டாரும்போது தளும்புமே, அதானப்பா? அதுக்கு நாங்க ரெண்டு வேப்பங்கொத்த உள்ள போட்டுத்தான தூக்கிட்டு வருவோம்." அந்தத் தம்பி ஒரு நிமிஷம் அம்மாவையே பாத்துட்டு, "அம்மா, அதேதான், அதுக்குப் பேரு பாஸிவ் டேம்பிங்"ன்னாரு. நடைக்கும் தளும்பலுக்கும் தாளம் ஒத்துப்போச்சுன்னா தண்ணி வெளிய வந்துடும், எல நடுவுல மெதந்து அந்த ஆட்டத்தத் தின்னுடும். ஃபில்டர்ல அந்த எலைக்கு பதிலா கெப்பாசிட்டர் கூட ஒரு ரெசிஸ்டர் போடுவாங்க. எங்க வீட்டு கீசரும் பட்டறை ஓவனும் செஞ்சது அதே எல வேலதான். ஆனா ரெசிஸ்டர் சூடாகும், அந்தச் சூடு நம்ம கரெண்டு, எஃபிஷியன்சி கொறையும். விளம்பரத்துல 98 சதவீதம்னு பெருசா போடணும்ல, அதனால எலைய எடுத்துட்டு, நடக்கிற ஆளே இடுப்ப நெளிச்சு தளும்பல சமாளிக்கணும்னு சாஃப்ட்வேர்ல எழுதி வெச்சிடுறாங்க. அது ஆக்டிவ் டேம்பிங். கரெண்ட அளந்து பாத்து அதுக்கு எதிரா ஒரு தள்ளு தள்ளுவான்.

நெளிக்கிறவன் நேரத்துக்கு நெளிக்கணும், அங்கதான் வில்லங்கம். ப்ராசசர் அளந்து, கணக்குப் போட்டு, சுவிட்சுக்கு அனுப்ப ஒண்ணரை சாம்பிள் நேரம் ஆயிடுது, ஒரு தடவ அளக்குறதுதான் ஒரு சாம்பிள். லேட்டா நெளிச்சா தளும்பல் அடங்காது, இன்னும் ஏறும். இதுக்கு ஒரு எல்லைக்கோடு இருக்கு, சாம்பிளிங் ஃப்ரீக்வென்சில ஆறுல ஒரு பங்கு. 20 கிலோஹெர்ட்ஸ்னா 3,333 ஹெர்ட்ஸ். ரெசனன்ஸ் அந்தக் கோட்டுக்கு மேல இருந்தா ஒரு மாதிரி நெளிக்கணும், கீழ இருந்தா வேற மாதிரி, மேல செஞ்சத கீழ செஞ்சா வேலைக்கு ஆகாது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு பேப்பர்ல போட்டுக் காட்டுனாரு. பெட்டிப் பக்கம் காயில் 1.5 மில்லிஹென்ரி, லைன் பக்கம் 0.5, கெப்பாசிட்டர் 5 மைக்ரோஃபாரட். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே இருந்தா ரெசனன்ஸ் சுமார் 3,700ல உக்காரும். அதுவே தெருக்கோடில, நீளமா இழுத்த லைன்ல, லைனே ஒரு காயில் மாதிரி ஆகி அதோட இண்டக்டன்ஸே 1 மில்லிஹென்ரி வந்துச்சுன்னா அதே பெட்டில அதே ரெசனன்ஸ் 2,600க்கு எறங்கிடும். கோட்டத் தாண்டியாச்சு. ஃபேக்டரில டெஸ்ட் பண்ணப்ப சொக்கத்தங்கம், எங்க கடைசி தெருவுக்கு வந்ததும் கொசு. ஒரே லைன்ல ரெண்டு பெட்டி கோத்தா லைன் ஒவ்வொருத்தருக்கும் இன்னும் நீளமான மாதிரி தெரியும், ஏன்னா ரெண்டு பேரு தள்ளுற கரெண்டும் ஒரே வயருலதான் போகுது. அங்கிளுத போட்டதும் எங்களுத கத்த ஆரம்பிச்சதுக்கு அதான் காரணம், ரெண்டு பேருலயும் யாரும் குத்தவாளி இல்ல. இது புதுசும் இல்ல, நெதர்லாந்துல வீட்டுக்கு வீடு சோலார் போட்ட எடத்துல இப்படி ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிறத 2004லயே ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதிட்டாங்க. இருபது வருஷம் ஆச்சு, நம்ம ஏரியா டெக்னீஷியன் எர்த்துல தண்ணி ஊத்தச் சொல்றான்.

பல்பு மூச்சு விட்டது வேற வியாதி. வோல்டேஜ் ஏறினா ரெண்டு இன்வெர்ட்டரும் தானா பவர கொறைச்சுக்கும், கொறைச்சதும் வோல்டேஜ் எறங்கும், எறங்குனதும் ரெண்டும் ஒண்ணா ஏத்தும். சந்துல எதிரெதிரா வர்ற ரெண்டு ஸ்கூட்டி ஒரே பக்கம் ஒதுங்கி, திரும்ப ஒரே பக்கம் ஒதுங்கி நிக்கிற மாதிரி. ரெண்டுல ஒருத்தன் கொஞ்சம் நிதானமா இருந்தா போதும், இன்னொருத்தன் போயிடுவான்.

அப்புறம் அந்த 5 வோல்ட். இத நெனச்சா இப்பவும் எரிச்சலா வருது. எங்களுக்குப் போட்ட இன்ஸ்டாலர், பெட்டிலேந்து மீட்டர் வரைக்கும் 28 மீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் இழுத்து வெச்சிருந்தான். வயர் எரியாது, அந்த வகையில தப்பில்ல. ஆனா 5 கிலோவாட்ன்னா 22 ஆம்பியர், போக வர 56 மீட்டர், அதுலயே கிட்டத்தட்ட அஞ்சரை வோல்ட் ஏறுது. கரெண்டு வெளிய தள்ளும்போது பெட்டி பக்கம்தான் வோல்டேஜ் ஒசந்து இருக்கும். மீட்டர்ல 248, பெட்டில 253, ட்ரிப். லைன்மேன் அண்ணா சொன்னதும் சரி, பெட்டி சொன்னதும் சரி. 10 ஸ்கொயர் போட்டா ரெண்டேகால் வோல்ட்தான் ஏறும். கொட்டேஷன்ல "ஏசி கேபிள் – ஸ்டாண்டர்டு"ன்னு ஒரு வரி இருந்துச்சு, அந்த ஸ்டாண்டர்டுதான் இது.

அவரு பண்ண வேல என்னன்னா, மொதல்ல ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர், அப்டேட். அப்புறம் இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு போட்டு உள்ள போய் "வீக் கிரிட்"னு இருந்த ஒரு செட்டிங்க ஆன் பண்ணாரு. அது ஆக்டிவ் டேம்பிங்க நீளமான லைனுக்கு ஏத்த மாதிரி மாத்துது, கூடவே பிஎல்எல்லயும் நிதானப்படுத்துது. பிஎல்எல்ங்கிறது லைன்ல வர்ற அலைய மோப்பம் புடிச்சு அதே தாளத்துல பெட்டிய ஓட்டுற பகுதி. லைன் ஸ்ட்ராங்கா இருந்தா பிரச்சினை இல்ல, நம்ம மாதிரி கடைக்கோடில அந்த அலைலயே பாதி நாம தள்ளுனதாதான் இருக்கும், ரொம்ப துறுதுறுன்னு தொரத்துனா தன் நெழலத் தானே தொரத்துற நாய் கணக்கா சுத்த ஆரம்பிச்சுடும். பவர் ஏத்தி எறக்குற வேகத்தையும் கொறச்சுட்டாரு, அங்கிளுத விட நம்மளுது மெதுவா. 253 லிமிட்டுல கைய வெக்கவே இல்ல. முன்னாடி வந்தவன் நாட்ட மாத்தலாம்னு சொன்னத சொன்னேன், மூஞ்சி மாறிடுச்சு, "அப்படியெல்லாம் பண்ணக்கூடாது சார்"னு மட்டும் சொன்னாரு, அதுக்கு மேல பேசல.

செட்டிங் மாத்துனதும் ஸ்க்ரீன்ல பாத்தேன், கம்பளிப்பூச்சி முடி உதுந்து வழவழன்னு ஆயிடுச்சு. அம்மா படில நின்னு காதக் குடுத்துட்டு, "போயிடுச்சுப்பா"ன்னாங்க. கேபிள் அடுத்த வாரம் நானே எஸ்.பி. ரோடு போயி 10 ஸ்கொயர் வாங்கி வந்து, லைசென்ஸ் இருக்கிற எலக்ட்ரீஷியன வெச்சு மாத்தினேன். அந்தக் காச இன்ஸ்டாலர்கிட்ட கேட்டேன், வாட்ஸப்ல ரெண்டு ப்ளூ டிக், பதில் இல்ல.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம இத நோண்ட ஆரம்பிச்சேன், விடிஞ்சுடுச்சு. நம்ம வீட்டு மாடிப் பிரச்சினைன்னு நெனச்சது ஊரு ஒலகத்துல பெரிய பெரிய ஆளுங்களையே ஆட்டியிருக்கு. 2019 ஆகஸ்ட் 9 இங்கிலாந்துல லண்டனுக்கு வடக்க ஒரு லைன்ல இடி விழுந்துச்சு, அது சாதாரணமா நடக்குறதுதான், ஆனா கடல்ல இருக்கிற ஹார்ன்சீ விண்ட் ஃபார்ம்ல வோல்டேஜ் கன்ட்ரோலுக்கு டேம்பிங் பத்தாம ஆட ஆரம்பிச்சு, பொசுக்குன்னு 737 மெகாவாட் காணாமப் போச்சு. வேற ப்ளாண்டும் சேந்து விழ, பத்து லட்சத்துக்கு மேல வாடிக்கையாளருக்கு கரெண்ட்டு கட், ரயிலெல்லாம் நடுவழில நின்னுச்சு. சரி பண்ணது எப்படி, கன்ட்ரோல் சாஃப்ட்வேர மாத்தித்தான். அதே வருஷம் செப்டம்பர்ல ஆஸ்திரேலியாவுல, விக்டோரியா – நியூ சவுத் வேல்ஸ் எல்லைப் பக்கம், நீளமான லைனோட கடைசில இருந்த 5 சோலார் ஃபார்ம பாதி பவர்லதான் ஓட்டணும்னு கட்டிப் போட்டாங்க, வோல்டேஜ் ஊசலாட்டம் பயம். இன்வெர்ட்டர் செட்டிங்க திருத்தி டெஸ்ட் பண்ணி, 2020 ஏப்ரல்லதான் அவுத்து விட்டாங்க. ஏழு மாசம்! அதப் படிச்சதும் என் பத்து மாசம் மேல எனக்கே ஒரு மரியாத வந்துச்சு.

லைன் எவ்வளவு பலமா இருக்குன்னு சொல்ல ஷார்ட் சர்க்யூட் ரேஷியோன்னு ஒரு அளவு வெச்சிருக்காங்க. நாம தள்ளுற பவர விட அந்த எடத்துல லைனோட தாங்குசக்தி எத்தன மடங்குன்னு கணக்கு, 3க்குக் கீழ போனா வீக். பழைய காலத்துல டர்பைன் ஜெனரேட்டர் எல்லாம் பெரிய இரும்பு சக்கரமா சுத்திக்கிட்டு தானே அலைய புடிச்சு நிறுத்தும், இன்வெர்ட்டர் எல்லாம் அத பாத்து பின்னாடி நடக்கும். இப்ப பின்னாடி நடக்குறவங்க கூட்டம் ஜாஸ்தியாயிடுச்சு, நம்ம கர்நாடகாவுல பாவகடா சோலார் பார்க் மட்டுமே 2,050 மெகாவாட். அதனால முன்னாடி நடக்குற இன்வெர்ட்டரும் வேணும்னு கிரிட் ஃபார்மிங்னு ஒரு வகை வருது, பேட்டரியோட சேத்து, அலைய தானே உண்டாக்கும். வீட்டுக்கு அது இப்ப தேவையில்ல, யாராவது அந்தப் பேரச் சொல்லி 50 ஆயிரம் ஜாஸ்தி கேட்டா காபி குடுத்து அனுப்பிடுங்க.

சரி, மார்க்கு. பெட்டிக்கு அஞ்சுக்கு மூணரை. ஒழுங்கா செட் பண்ணா நல்லா ஓடுது, ஆனா வீக் கிரிட் செட்டிங் இருக்குன்னு மேனுவல்ல ஒரு மூலையில ஒரே ஒரு வரி, அதுவும் என்ன பண்ணும்னு சொல்லாம. சர்வீஸ் சென்டருக்கு ஒண்ணு, அதுவும் போன எடுக்குறாங்கங்கிறதுக்காக. இன்ஸ்டாலருக்கு மார்க்கு கெடையாது. கிருஷ்ணகிரி தம்பிக்கு எவ்வளவு வேணா போடலாம், அம்மா அவருக்கு ஒரு டப்பா வடாம் குடுத்து அனுப்பினாங்க.

நீங்க வாங்கும்போது பேனல் வாட்டேஜ், எஃபிஷியன்சி, வாரண்டி எத்தன வருஷம்னு அவனே சொல்லுவான், அதக் கேக்க வேணாம். எங்க டிரான்ஸ்ஃபார்மர்லேந்து எங்க வீடு எவ்வளவு தூரம்னு பாத்தியா, பெட்டிலேந்து மீட்டர் வரைக்கும் எத்தன வோல்ட் ஏறும்னு கணக்கு குடு, இதே ஃபேஸ்ல பக்கத்துல வேற யாரு சோலார் போட்டிருக்காங்க, இத மட்டும் கேளுங்க. பதில் தெரியலன்னா பரவால்ல, கேள்வி புரியலன்னா வேற ஆளப் பாருங்க. செட்டிங்க நீங்களா யூட்யூப் பாத்து மாத்தாதீங்க, பாஸ்வேர்டு நெட்ல கெடைக்குதுன்னு எனக்கும் தெரியும். கத்துற சத்தம் வந்தா போன்ல ரெக்கார்டு பண்ணி வையுங்க, கூடவே நாள், நேரம், வெயில், பக்கத்துல என்ன ஓடுது என்ன ஓடலன்னு எழுதி வையுங்க. எங்க கேஸ அவுத்தது அம்மா சொன்ன கெழமதான்.

இந்த மார்ச் வெயிலையும் பாத்துட்டுதான் இத எழுதுறேன். நாலு மாசத்துல ட்ரிப்பு மொத்தம் 2, ரெண்டும் நிஜமாவே கரெண்ட்டு போனப்ப. போன ஞாயித்துக்கிழமை 21 யூனிட், கொசு இல்ல. ஆனா எதிர் வீட்ல அடுத்த மாசம் 8 கிலோவாட் போடப்போறாங்களாம், நேத்து கம்பி எறக்கிட்டு இருந்தாங்க. என் இன்ஸ்டாலரேதான். போயி வயர் சைஸ் என்னன்னு கேட்டுட்டு வந்தேன், "ஸ்டாண்டர்டு சார்"னான். மே மாசம் என்ன ஆகுதுன்னு பாத்துட்டு இதுலயே கீழ சேக்குறேன்.